நடவு டாக்டர்

அவர் எதையும் பார்க்காமல் எறியமாட்டார். கேட்பதற்கு நல்ல குணமாகத்தான் இருக்கும், அவரோடு ஒரே அறையில் வேலை பார்க்காதவர்களுக்கு.

கேன்டீனில் பொங்கல் சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் இலையை மடித்துவிட்டு எழுவோம். அவர் மட்டும் ஓரத்தில் ஒதுக்கிய கறிவேப்பிலை, மிளகு, இஞ்சித் துண்டு எல்லாவற்றையும் விரலால் விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் மடிப்பார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல சார், முந்திரி ஏதாவது போயிருக்குமோன்னு" என்பார். எங்கள் கேன்டீன் பொங்கலில் முந்திரி கிடைத்ததாக வரலாறு இல்லை. பஸ் டிக்கெட்டைக் கசக்குவதற்கு முன் இரண்டு பக்கமும் பார்ப்பார். வடை சுற்றி வந்த காகிதத்தை விரித்துப் பார்ப்பார். மை தீர்ந்த பேனாவை உதறி எழுதிப் பார்த்து, மறுபடி உதறி, பிறகு சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்வார். நாளைக்கு எழுதலாமாம்.

நான் மயக்க மருந்து டாக்டர். ஓய்வு பெற்று பெரம்பலூரில் இருக்கிறேன். சர்வீஸின் பிற்பாதி முழுக்க அரியலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர்களுக்குப் பின்னால் ஊர்ந்து, தலையில் வெள்ளைப் புழுதியோடு இறங்குவேன். நடைமுறை சம்பந்தப்பட்ட எதுவானாலும் அங்கே என்னைத்தான் கேட்பார்கள். எந்தக் குப்பை எந்த நிறப் பையில் போகவேண்டும், எந்தக் கையெழுத்து எந்தக் கையெழுத்துக்கு மேலே வரவேண்டும், ஆக்ஸிஜன் சிலிண்டர் தீர்வதற்கு எவ்வளவு முன்னால் கேட்டால் தீர்ந்த பிறகாவது வரும், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம் என்பது வேறு கேள்வி.

மயக்க மருந்து டாக்டரின் வேலையில் பாதி காத்திருப்பது. தூங்க வைப்போம், எழுப்புவோம். நடுவில் இருப்பதெல்லாம் சர்ஜனின் நேரம். எங்கள் சர்ஜன் அவர்தான், அவருடைய நேரம் நீண்டது. மற்ற சர்ஜன்களுக்கு ஆபரேஷன் முடிந்தால் முடிந்தது. அவருக்கு முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கும்.

அவர் அதிகம் செய்தது கழுத்துக் கட்டி. தைராய்டு பானைபோல வீங்கி மூச்சுக் குழாயை நெரிக்கும்போது அதை முழுவதுமாக எடுத்துவிட வேண்டியிருக்கும். தைராய்டு போவது பெரிய நஷ்டமில்லை. காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ஆயுள் முழுக்க, அவ்வளவுதான். சிக்கல் அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் நான்கு பருப்புகளில் இருக்கிறது. பாராதைராய்டு என்று பெயர். பெயரைப் பார்த்தால் தைராய்டின் ஒட்டுக்குடித்தனம் மாதிரி தெரியும். வேலை முற்றிலும் வேறு. ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கிவிடாமல் பிடித்து வைத்திருப்பவை அவைதான். ஒவ்வொன்றும் துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். நிறம் கொழுப்பின் நிறம், இருப்பதும் கொழுப்புக்கு நடுவில். தலைமயிர் கனத்தில் ஒரு ரத்தக்குழாய்தான் அதற்குச் சோறு போடுகிறது. கட்டியை இழுக்கும் அவசரத்தில் அது அறுந்தால் பருப்பு இருந்த இடத்திலேயே கறுத்துச் சாகும். இல்லாவிட்டால் கட்டியோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்து, பரிசோதனைக்குப் போகும் பாட்டிலில் விழுந்துவிடும். நான்கும் போய்விட்டால் விரல் மரத்துப்போகும், உதடு துடிக்கும், கை இழுத்துக்கொள்ளும். பிறகு ஆயுள் முழுக்க மாத்திரையும் ஊசியும்தான்.

அதனால் வெட்டி எடுத்த கட்டியை ஈரத் துணியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, அவர் கிளற ஆரம்பிப்பார். சந்தேகமான துணுக்கு எதுவானாலும் உப்புத்தண்ணீர்க் கிண்ணத்தில் போடுவார். கொழுப்பு மிதக்கும். பாராதைராய்டு மூழ்கும். மூழ்கியதைப் பொடியாக நறுக்கி, கழுத்துத் தசையில் சின்னதாக ஒரு பை செய்து, உள்ளே வைத்து, அடையாளத்துக்குக் கறுப்பு நூலில் ஒரு தையல் போடுவார். புது இடத்தில் பிடித்துக்கொண்டால் சில வாரங்கள் கழித்து வேலை செய்யத் தொடங்கும். பிடிக்காமலும் போகும்.

தியேட்டர் சிஸ்டருக்கு ஜெயங்கொண்டம் பக்கம். விவசாயக் குடும்பம். சர்ஜனின் இந்த வேலைக்கு நடவு என்று பெயர் வைத்தது அந்த சிஸ்டர்தான்.

"சார், இன்னைக்கு நடவு உண்டா, இல்ல நான் துணி எண்ணவா?"

"கொஞ்சம் பொறும்மா. கிண்ணத்தப் பாரு."

"மிதக்குது சார்."

"நல்லாப் பாரு."

"நல்லாத்தான் மிதக்குது. நீங்க பாக்குறீங்கங்குறதுக்காக அது முழுகுமா?"

சர்ஜன் என் பக்கம் திரும்பி, "மயக்கம் இருக்கில்ல சார்?" என்பார்.

"அவங்களுக்கு இருக்கு. எனக்கும் வந்துக்கிட்டிருக்கு" என்பேன்.

அவருக்கு ஒரு வாசகம் உண்டு. "கொழுப்பு மேல மிதக்கும் சார். வேலை செய்யறது அடியில கிடக்கும்." நாள்காட்டியில் அச்சடிக்கலாம். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஒரு ரிவ்யூ மீட்டிங்கில் மேடையில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துக்கொண்டே என் காதில் அதைச் சொன்னார். அந்த ஒரு தடவை மட்டும் முழுமனதோடு ஒப்புக்கொண்டேன்.

ஒருமுறை புதிதாக வந்த நர்ஸ் ஒரு பெண், கட்டி வெளியே வந்ததும் விதிப்படி உடனே, பதப்படுத்தும் ஃபார்மலின் பாட்டிலில் போட்டு மூடிவிட்டாள். ஃபார்மலின் பட்டது எதுவும் பிறகு உயிராகாது. அவர் திட்டவில்லை. பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கையுறை போட்ட கை கீழே இறங்கவே இல்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அவள் செய்தது சரி என்று எனக்குத் தெரியும், எந்தப் பக்கத்தில் எந்த வரியில் இருக்கிறது என்பதுகூடத் தெரியும். "விதிப்படிதாம்மா செஞ்சிருக்க" என்றேன். இருவரில் யாருக்கும் அது ஆறுதலாக இருந்த மாதிரி தெரியவில்லை. மறுநாளிலிருந்து பாட்டிலின் மூடியை அவர் தன் முன்னால் வைத்துக்கொண்டார். தானே மூடுவார்.

இவருக்கு ஒரு காலத்தில் எக்ஸ்பிரஸ் என்று பட்டப்பெயர் இருந்ததாம். டீ சொல்லி அனுப்பிவிட்டுக் கத்தியை எடுத்தால், டீ வருவதற்குள் கட்டி வெளியே இருக்குமாம். பழைய வார்டு ஊழியர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நான் மாற்றலாகி வந்தபோது அவர் பாசஞ்சர் ஆகி, எல்லா ஸ்டேஷனிலும் நின்று போய்க்கொண்டிருந்தார்.

காரணம் திருமழபாடியிலிருந்து வந்துபோகும் ஒரு அம்மாள்.

மாதத்துக்கு ஒருமுறையாவது வருவார். கொள்ளிடக்கரையில் கொஞ்சம் நிலம், அதில் கத்தரிச் செடி. கையில் ஒரு மஞ்சள் பை நிறையக் கத்தரிக்காய், சேலைத் தலைப்பில் முடிந்த ஒரு இரும்புச் சாவி. அந்தச் சாவிக்குரிய பூட்டு எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. சாவி மட்டும் இருந்தது, கை இழுக்கும்போது உள்ளங்கையில் வைத்து அழுத்திக்கொள்ள. வலிப்பு வந்தால் இரும்பைக் கையில் கொடுப்பது எங்கள் பக்கத்து வைத்தியம். அந்தம்மாவுக்கு வருவது வலிப்பு என்றுதான் ஊரில் எல்லோரும் நம்பினார்கள். விரல்கள் ஒன்றோடொன்று குவிந்து, சோற்றுக் கவளத்தை எடுக்கிற மாதிரி நின்றுவிடும். விரிக்க முடியாது.

அந்தம்மாவைக் கண்டதும் சர்ஜன் வரிசையில் நிற்கிற எல்லோரையும் விட்டுவிட்டு எழுந்து வருவார். கால்சியம் ஊசியைத் தன் கையாலேயே மெதுவாக, மிக மெதுவாக ஏற்றுவார். அது வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடும். அதனால் நான் பக்கத்தில் நின்று துடிப்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களாம்மா?"

"போடுறன் தம்பி. தீந்துபோனா வாங்கியார ஆளு வேணுமில்ல."

"கண்ணு எப்படி இருக்கு?"

"அது கெடக்கு. பொகை மூட்டுன மாதிரி தெரியுது." சுண்ணாம்புச் சத்து இறங்கியே கிடந்தால் கண்ணில் சீக்கிரமே புரை விழும். அது அந்தம்மாவுக்குத் தெரியாது. எங்கள் இருவருக்கும் தெரியும். "கண்ணு போனா என்ன, கழுத்து நல்லாருக்கில்ல. பானையாட்டம் தொங்குச்சே தம்பி. கல்யாண வூட்டுல ஒருத்தி பக்கத்துல ஒக்காரமாட்டா. நீதான் எடுத்துவுட்ட. ஒன் கை நல்லாருக்கணும்."

அவர் தரையைப் பார்ப்பார். பிறகு பையிலிருந்து கத்தரிக்காயை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"புழு இல்ல தம்பி, பாத்துத்தான் பறிச்சன்" என்பார் அந்தம்மா, கொஞ்சம் மனத்தாங்கலோடு.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, நான் எதுவும் கேட்காமலே அவராகச் சொன்னார். "அந்தம்மாவோடது நாலும் பாட்டில்ல போயிட்டுது சார். கட்டி வந்ததும் கையுறையக் கழட்டிப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டேன்."

"அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். கத்தரிக்காயோட வந்தாங்க."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டோம். எங்களிடையே அதற்குமேல் அந்தப் பேச்சு நடக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் கிண்ணத்தின் மேல் குனிந்து நிற்கும்போது கடிகாரத்தைப் பார்ப்பதை நான் குறைத்துக்கொண்டேன். நிறுத்தவில்லை, குறைத்துக்கொண்டேன்.

கழுத்துக் கட்டி சில குடும்பங்களில் சொத்து மாதிரி இறங்கி வரும். ஒருநாள் அந்தம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆலத்தியூரில் கட்டிக்கொடுத்த பெண். புருஷனுக்கு சிமெண்ட் ஆலையில் வேலை. இவள் அரியலூரில் ஒரு தையல்கடைக்கு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்து, ஓரம் தைத்துக் கொடுக்கிறாள். கழுத்து அம்மாவுக்கு இருந்ததைவிடப் பெரிதாக இருந்தது. படுத்தால் மூச்சு இழுத்தது. முழுவதுமாக எடுத்தாக வேண்டும்.

மயக்கம் கொடுக்கத் தகுதியா என்று பார்ப்பதற்காக நானும் அந்த அறையில் இருந்தேன். அவர் பரிசோதித்து முடித்துக் கையைக் கழுவிக்கொண்டே, "இத திருச்சியில பண்ணிக்கங்கம்மா, நான் எழுதித் தரேன்" என்றார்.

"திருச்சிக்கு எதுக்கு? எனக்கு எடுத்த கை இங்கதான இருக்கு."

"அங்க வசதி அதிகம்மா."

"எனக்கு எடுக்கையில இங்க என்ன வசதி இருந்துச்சு? கூரையில தண்ணி ஒழுகுச்சு. நீ எடுக்கல?"

அவர் குழாயை மூடினார். துண்டில் கையைத் துடைத்தார். அதற்கு நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு அந்தம்மாவுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். உங்களுக்குக் கை இழுக்குதில்ல, அது வலிப்பு இல்ல. நான் பண்ண ஆபரேஷன்ல வந்தது. எடுக்கக்கூடாதத சேத்து எடுத்துட்டேன். அவசரத்துல."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். அம்மா மஞ்சள் பையின் காதுகளை முடிந்துகொண்டிருந்தார்.

"கட்டி போச்சில்ல?"

"போச்சு. ஆனா..."

"அப்பறம் என்ன தம்பி. களை எடுக்கையில ரெண்டு பயிரும் கூட வரத்தான் செய்யும். இவளுக்கு என்னைக்கி எடுக்குற, அதச் சொல்லு."

அவர் என்னைப் பார்த்தார். எத்தனையோ வருஷம் யோசித்து, அபராதம் கட்டிவிடலாம் என்று வரிசையில் வந்து நின்றவன் முன்னால் கவுன்ட்டரை மூடினால் அவன் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அவர் முகம். எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். ஆபீஸ்களில் தினமும் பார்ப்பதுதான்.

மகள்தான் கேட்டாள். "எனக்கும் அதுமாரி ஆகுமா சார்?"

"ஆகாமப் பாக்குறேன்."

"ஆச்சுன்னா?"

அவர் துண்டை எடுத்துக் காய்ந்த கையை மறுபடி துடைத்தார்.

"எங்கம்மா கை இழுத்துக்கிட்டுக் கெடக்கறத சின்னதுலேருந்து பாக்குறேன் சார். அடுப்புல ஒலை கொதிக்கும், அம்மா கையில சாவிய வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கும். எனக்கு இந்த விரலுதான் சார் பொழப்பு. சுத்தமா எடுக்காட்டியும் பரவால்ல, கைய மட்டும் வுட்டுடுங்க."

"ரெண்டும் பண்ணலாம்" என்றார். அவர் வாயிலிருந்து வாக்குறுதி மாதிரி ஒன்று வந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். சொன்ன பிறகு அவருக்கே அது பிடிக்கவில்லை என்று தோன்றியது.

ஆபரேஷன் நாள் வந்தது. இடது பக்கம் ஒரு பருப்பு சீக்கிரமே தெரிந்தது. அதன் மயிரளவு ரத்தக்குழாயைத் தொடாமல், கட்டியை அதிலிருந்து உரித்தெடுத்து, அதை அதன் இடத்திலேயே விட்டார். அதற்குக் கீழே இருந்த இன்னொன்று எவ்வளவு பதமாகக் கையாண்டும் கொஞ்ச நேரத்தில் கறுத்தது. "போச்சு" என்றார். அதை எடுத்து நறுக்கித் தசையில் நட்டார். வலது பக்கம் ஒன்றுமே கண்ணில் படவில்லை. கட்டி வெளியே வந்தது. ஈரத் துணியில் கவிழ்ந்தது. கிளறல் ஆரம்பித்தது.

ஒரு துணுக்கு கிண்ணத்தில் விழுந்தது. மிதந்தது. இன்னொன்று. மிதந்தது. எனக்கு முழங்கால் வலித்தது. டிபன் பாக்ஸில் தயிர்சாதம் புளித்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். அடுத்த அறையில் காத்திருந்த இன்னொரு கேஸை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கு யார் பதில் எழுதுவது என்று எனக்குத் தெரியும், நான்தான். மறுபடி ஒன்று. மிதந்தது. சிஸ்டர் கேலி பேசுவதை எப்போதோ நிறுத்தியிருந்தார்.

பிறகு அவர் கட்டியின் மடிப்பு ஒன்றிலிருந்து எதையோ நகக்கண் அளவுக்கு உரித்துப் போட்டார்.

"முழுகிடுச்சு சார்" என்றார் சிஸ்டர், மெதுவாக, சத்தமாகச் சொன்னால் மேலே வந்துவிடும் என்பது போல.

அதையும் நட்டார். நான்காவது கடைசிவரை கிடைக்கவில்லை. "உள்ளேயே எங்கயாவது பத்திரமா இருக்கும் சார்" என்று என்னிடம் சொன்னார். இருக்கலாம். நான் மயக்கத்தைத் தெளிவிக்க ஆரம்பித்தேன்.

வார்டில் அவர் காலையும் மாலையும் போய், காதுக்கு முன்னால் அவள் கன்னத்தில் விரலால் தட்டிப் பார்ப்பார். சுண்ணாம்புச் சத்து இறங்கியிருந்தால் அந்தப் பக்கத்து உதடு துடிக்கும். பக்கத்துப் படுக்கைக்காரிகள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிறகு, "எனக்கும் தட்டிப் பாருங்களேன் டாக்டரு, வயித்து ஆபரேஷன்காரின்னா தட்டக்கூடாதா" என்று கேட்டார்கள். லேசாகத் துடித்தது. மாத்திரையைக் கூட்டினார். துடிப்பு அடங்கியது. வீட்டுக்கு அனுப்பும்போது புருஷனை நிற்க வைத்து, தைராய்டு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில், கால்சியம் சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டையும் ஒன்றாகப் போடக்கூடாது, தான் சொல்லும் வரை எதையும் நிறுத்தக்கூடாது என்று சொல்லி, அவனைத் திருப்பிச் சொல்ல வைத்துக் கேட்டார். அவன் பிசகாமல் சொன்னான்.

கொஞ்ச நாளில், ஒரு முற்பகலில், அவசரப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். ஆலத்தியூரிலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். மகள் ஸ்ட்ரெச்சரில். இரண்டு கையும் குவிந்து இழுத்திருந்தது. வலது கைக்குள் அம்மாவின் சாவி. டியூட்டியில் இருந்த இளம் டாக்டர் வலிப்பு ஊசியை எடுத்துவிட்டார். எங்கள் சர்ஜன் நடந்து வந்தவர், அந்தச் சாவியைப் பார்த்ததும் ஓடி வந்தார். அதுவரை அவர் ஓடி நான் பார்த்ததில்லை. கன்னத்தில் தட்டினார். உதடு வெட்டி இழுத்தது.

"அத வச்சிடுங்க. கால்சியம் எடுங்க" என்றார்.

நான் துடிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மெதுவாக ஏற்றினார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. சாவி தரையில் விழுந்தது. அம்மா குனிந்து எடுத்துத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

புருஷன் சுவரோரம் நின்றிருந்தான்.

"மாத்திரை?" என்றார் அவர்.

"நிறுத்திட்டோம் சார்."

"யாரு நிறுத்தச் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். எங்க ஊரு போர்த் தண்ணி சார். காய்ச்சினா பாத்திரத்துல வெள்ளையா ஏடு படியும். ஊருல பாதிப்பேருக்குக் கிட்னியில கல்லு. எனக்கே ஒருதடவ எடுத்துருக்கு. அந்தத் தண்ணியத்தான இவளும் குடிக்கிறா. அதுல இல்லாத சுண்ணாம்பா மாத்திரையில இருக்கப்போவுது, மேல மேல போட்டா இவளுக்கும் கல்லு வந்துடுமேன்னு..."

அவன் சொன்னதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. கல் பயமும் ஒரேயடியாகப் பொய்யில்லை. மாத்திரை அளவு மீறினால் கல் வரத்தான் செய்யும். ஆனாலும் தவறு. இந்தத் தவறைச் செய்ய சுண்ணாம்புக்கல்லின் மேல் குடியிருக்க வேண்டும். மதராஸ்காரனுக்குத் தோன்றாது.

நான் அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டார். "ஆலையில எந்த செக்ஷன்?"

"கில்ன் சார். சூளை."

"கில்ன் நின்னுபோச்சுன்னா கல்லு வராதா?"

"வரும் சார். யார்டுல குமிஞ்சு கெடக்கும்."

"சிமெண்ட் வருமா?"

"சூளை எரியாம எப்படி சார் வரும்?"

"இவளுக்கு இப்ப சூளை நின்னுருக்கு. கழுத்துல புதுசாக் கட்டி வச்சிருக்கேன். சூடேற நாளாகும். அதுவரைக்கும் நீ எவ்வளவு கல்லக் கொட்டினாலும் கல்லாத்தான் கெடக்கும். வெளியிலேருந்து சிமெண்ட் வாங்கித்தான் வூடு கட்டணும்."

அவன் யோசித்தான். "அந்த மாத்திரைதான் வெளி சிமெண்டா சார்?"

"ஆமா."

"கல்லு வராதா?"

"வராம ரத்தத்தையும் நீரையும் சோதிச்சு நான் பாத்துக்குறேன். நீ நிறுத்தாத."

விஞ்ஞான ரீதியாக அந்த விளக்கத்தில் எனக்குச் சில திருத்தங்கள் இருந்தன. வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தப் பையன் மாத்திரை விஷயத்தில் எங்கள் எல்லோரையும் விடக் கறாராகிவிட்டான். ஷிஃப்டில் இருந்துகொண்டு வீட்டுக்கு போன் போட்டு, போட்டாச்சா போட்டாச்சா என்று கேட்பதாக அவள் அலுத்துக்கொண்டாள்.

அதன்பிறகு எல்லாம் காத்திருப்பு. வருவார்கள், கன்னத்தில் தட்டுவார், ரத்தம் எடுப்பார்கள், மாத்திரையை ஒரு துளி குறைப்பார், போகச் சொல்வார். அந்த நாட்களில் கேன்டீனில் அவர் இலையைக் கிளறுவது பார்க்கச் சகிக்காமல் போயிற்று. முந்திரியை நானே வாங்கிவந்து போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

மாதங்கள் போயின. ஒருநாள் கால்சியம் மாத்திரையை முழுதும் நிறுத்திப் பார்த்த பிறகும் ரத்தத்தில் அளவு இறங்கவில்லை. உதடு துடிக்கவில்லை. வேலை செய்வது இருந்த இடத்திலேயே விட்டதா, நட்டதா, கண்ணில் படாமல் போன நான்காவதா, யாருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டியதில்லை. மகள் பத்து விரலையும் விரித்து மேஜைமேல் வைத்தாள். நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு.

"சூளை ஓடுதா சார்?" என்றான் புருஷன்.

"ஓடுது."

"இனிமே அந்த மாத்திரை வேண்டாமா?"

"தைராய்டு மாத்திரை மட்டும். மத்தது வேண்டாம்."

அவன் சிரித்தான். மகள் சிரிக்கவில்லை. கையை மடக்கியும் விரித்தும் பார்த்துக்கொண்டிருந்தாள். திருமழபாடி அம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து மகளின் விரல்களைப் பார்த்தார். புரை விழுந்த கண், அதனால் கிட்டத்தில் குனிந்து பார்த்தார். பிறகு தன் கையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"தம்பி."

"சொல்லுங்கம்மா."

"எனக்கும் இப்படிப் பாத்து எடுத்திருக்கலாமில்ல."

குரலில் கோபம் இல்லை. பஸ் எப்போது என்று கேட்கிற குரல்தான்.

"யம்மா, சும்மாரு" என்றாள் மகள்.

"இல்ல, கேக்கட்டும்" என்றார் அவர். எழுந்து நின்றார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. "எடுத்திருக்கணும்மா."

அந்தம்மா தலையை ஆட்டினார். சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. மேஜைமேல் வைத்திருந்த கத்தரிக்காய்ப் பையை எடுத்தார். கையில் மாட்டிக்கொண்டார். மகளும் மருமகனும் பின்னால் போக, வெளியே நடந்தார்.

பை போனதை நாங்கள் இருவருமே பார்த்தோம். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து வெகுநேரம் காலி மேஜையைப் பார்த்தார். வருத்தப்படுகிறார் என்றுதான் யாரும் சொல்லியிருப்பார்கள். நான் அவர் முகத்தை வருஷக்கணக்காக முகமூடிக்கு மேலே பார்த்தவன். மூடிய கவுன்ட்டர் திறந்து, அவருடைய அபராதத்தை வாங்கிக்கொண்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

எனக்கு முன்பே அவர் ஓய்வு பெற்று மகன் வீட்டோடு வெளியூர் போய்விட்டார். இருக்கிறாரா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடும்.

கடைசியாக நினைவில் இருப்பது, அந்தக் கத்தரிக்காய்ப் பை திரும்பிப் போனதற்கு அடுத்த மாதம். திருமழபாடி அம்மாள் வந்தார், பை இல்லாமல். கை இழுத்திருந்தது. கையை நீட்டினார். சர்ஜன் ஊசியை எப்போதும் போல மெதுவாக ஏற்றினார். நான் துடிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விரல்கள் விரிந்தன, சாவி விழுந்தது. சர்ஜன் குனிந்து எடுத்தார். இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தார்.

"குடு தம்பி" என்றார் அந்தம்மா. "எனக்கு அது வேணும்."